மேட்டில் திணறும் கார்

தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை புறப்படுகிறீர்கள். 1985இல் திறந்த பினாங்குப் பாலம் 13.5 கிலோமீட்டர் நீளம். அதன் மேட்டில் கார் திணறினால் பிள்ளைகள் பயந்துவிடுவார்கள் அல்லவா?

சமதரையில் நன்றாக ஓடி, ஏற்றத்தில் மட்டும் இழுவை குறைந்தால் பெட்ரோல் அழுத்தத்தையும் சந்தேகியுங்கள். இன்ஜெக்‌ஷன் கார்கள் பலவற்றில், சாவியைத் திருப்பியதும் பம்பு ஓரிரு நொடி முனகும். சத்தமே இல்லையா? முதலில் பியூஸையும் ரிலேயையும் பாருங்கள். சத்தம் கேட்டும் இழுவை இல்லையா? வடிகட்டி அடைத்திருக்கலாம், பம்பும் தளர்ந்திருக்கலாம்.

பட்டறையில் அழுத்தமானி வைத்து அளந்து, கார் கையேட்டோடு ஒப்பிடச் சொல்லுங்கள். அளக்காமல் புதுப் பம்பு வாங்கிச் சம்பளத்தைத் தொலைக்காதீர்கள்.

குழாயை நீங்களே கழற்றாதீர்கள். எஞ்சின் நின்ற பிறகும் உள்ளே அழுத்தம் இருக்கும். பெட்ரோல் பீறிட்டால் தீப்பிடிக்கும். தொட்டியில் கால்பங்காவது பெட்ரோல் இருக்கட்டும். உள்ளிருக்கும் பம்பைக் குளிர வைப்பது அதுதான்.