தாய்ப்பாலுக்குத் தடை போடுவது யார்?

பிறந்த குழந்தைக்கு முதல் 6 மாதம் தாய்ப்பால் மட்டும் போதும். தண்ணீர்கூட வேண்டாம். உலக சுகாதார நிறுவனம் கூறும் யோசனை இது.

எல்லாக் குழந்தைகளுக்கும் இந்தப் பாக்கியம் கிடைக்கிறதா? இல்லை!

2019 முதல் 2021 வரை இந்தியாவில் தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பு நடந்தது. 6 மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளில் 100-க்கு 64 பேர்தான் தாய்ப்பால் மட்டும் குடிப்பதாகத் தெரிந்தது.

மற்றத் தாய்மார்களுக்குப் பிள்ளைமேல் பாசம் இல்லையா? உண்டு. தடை வேறு இடத்தில் இருக்கிறது.

சேனை வைக்கும் பாட்டி

குழந்தை பிறந்ததும் சர்க்கரைத் தண்ணீரோ, தேனோ தொட்டு நாக்கில் வைப்பார்கள். "சேனை வைத்தல்" என்று இதற்குப் பெயர். பாட்டி ஆசையோடுதான் வைக்கிறாள். ஆனால் அதில் கிருமி இருந்தால் பிஞ்சு வயிறு தாங்காது. 1 வயதுவரை தேன் கூடவே கூடாது.

முதலில் சுரக்கும் சீம்பால் மஞ்சளாக, கெட்டியாக இருக்கும். "கெட்ட பால்" என்று அதைப் பீய்ச்சிக் கொட்டும் வழக்கமும் உண்டு. உண்மையில் நோயைத் தடுக்கும் சக்தி அதில்தான் நிறைய! குழந்தை பிறந்த 1 மணி நேரத்துக்குள் அதைக் கொடுக்க வேண்டும். ஆபரேஷன் மூலம் பிறந்தாலும், தாயும் சேயும் நலமாக இருந்தால், நர்சின் உதவியோடு கொடுக்கலாம்.

"பால் பற்றவில்லை"

குழந்தை அழுதால் போதும். "உனக்குப் பால் பற்றவில்லை" என்பார் ஒருவர். "பாட்டிலில் கொடு" என்பார் இன்னொருவர். தாயின் மனம் உடைந்து போகும்.

பால் எப்படிச் சுரக்கிறது? குழந்தை சப்பச் சப்பச் சுரக்கிறது. பாட்டில் பால் குடித்த குழந்தை தாயிடம் குறைவாகச் சப்பும். அதனால் பால் குறையும். உடனே, "பார்த்தாயா, பால் இல்லை!" என்பார்கள்.

பால் போதுமா என்று அறிய வழி இருக்கிறது. முதல் வாரம் கழிந்த பிறகு, குழந்தை ஒரு நாளில் 6 தடவைக்குக் குறையாமல் சிறுநீர் கழிக்கிறதா? எடை ஏறுகிறதா? அப்படியானால் பால் போதும். இல்லையென்றால் டாக்டரிடம் காட்ட வேண்டும்.

கோடைக்காலத்தில் தாகம் எடுக்காதா? எடுக்காது. தாய்ப்பாலில் பெரும்பகுதி தண்ணீர்தான்.

டப்பாப் பால்

டப்பாப் பாலுக்கு விளம்பரம் செய்வதையும், தாய்மார்களுக்கு இலவசமாகக் கொடுப்பதையும் இந்தியாவில் 1992-ம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. டாக்டர் சொன்னால் ஒழிய அதை வாங்க வேண்டியதில்லை.

வேலைக்குப் போகும் தாய்

10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களில், முதல் இரண்டு பிரசவங்களுக்கு 26 வாரம் சம்பளத்துடன் லீவு உண்டு. 2017-ல் வந்த சட்டத் திருத்தம் இது. 26 வாரம் என்பது 6 மாதம்!

ஆனால் வயலில் நாற்று நடுபவளுக்கு லீவு ஏது? சித்தாளுக்கும், வீட்டு வேலை செய்பவளுக்கும் சம்பளத்தோடு யார் லீவு கொடுப்பார்கள்? கூலி இல்லாவிட்டால் அடுப்பு எரியாது. அவர்கள் பாலைச் சுத்தமான பாத்திரத்தில் பீய்ச்சி, மூடி வைத்துவிட்டுப் போகலாம். 4 மணி நேரத்துக்குள் சங்கினால் புகட்டிவிட வேண்டும். வெயில் கடுமையாக இருந்தால் இன்னும் சீக்கிரம் புகட்ட வேண்டும்.

வீட்டார் கையில்

பால் கொடுப்பவள் தாய். கொடுக்கவிட வேண்டியவர்கள் வீட்டார்!

கணவன் தண்ணீர்க் குடத்தைத் தூக்கலாம். மாமியார் சமையலைப் பார்த்துக்கொள்ளலாம். தாய்க்கு வேளாவேளைக்குச் சாப்பாடும், கொஞ்சம் தூக்கமும், "உன்னால் முடியும் அம்மா" என்ற ஒரு சொல்லும் வேண்டும்.

இதற்குக் காசு செலவில்லை. மனம்தான் வேண்டும்!