ஒரே லாகின் போதுமா?

பட்டாபிராமில் இருப்பவர் வருமானச் சான்றுக்கு இ-சேவை தளம், ரேஷன் கார்டு திருத்தத்துக்கு வேறொரு தளம், ஆவடி மாநகராட்சி சொத்து வரிக்கு இன்னொன்று என்று அலைகிறார். 2022-இல் மத்திய அரசு தொடங்கிய ‘மேரி பெஹ்சான்’ என்ற ஒரே லாகின் வசதி இதற்கு ஒரு வழி காட்டுகிறது. அரசின் ஆவணப் பெட்டகமான டிஜிலாக்கரில் உள்ள கணக்கு ஒன்றைக் கொண்டே பல அரசுத் தளங்களுக்குள் நுழையலாம். ஒரு கணக்கு பறிபோனால் எல்லாமே போகாதா என்பார்கள். நியாயமான பயம்தான். ஆனால் எல்லாத் தளத்துக்கும் ஒரே பாஸ்வேர்டு, அதுவும் பிரவுசிங் சென்டர்காரர் நோட்டில் என்ற நிலையைவிட, ஓடிபி காவலுள்ள ஒரே கணக்கு மேல்.

எனக்குப் பெரிதாகத் தெரியும் சிக்கல் வேறு. பலருக்கு, ரீசார்ஜ் செய்யாமல் விட்ட பழைய எண்தான் ஆதாரில் இருக்கும். டிஜிலாக்கருக்காக ஆதாரைச் சரிபார்க்கும் ஓடிபி அந்த எண்ணுக்கே போகும். அந்த எண் இதற்குள் வேறொருவர் கைக்கும் போயிருக்கலாம். ஆகவே, ஒரே லாகின் வந்தாலும் இ-சேவை மையக் கவுண்டரை மூடக் கூடாது.