கத்தரிக்காத கத்தரி

கிரிஸ்பர் பற்றிப் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது எல்லாரும் கத்தரிக்கோல் படத்தைத்தான் காட்டுறாங்க. தொடக்கத்துக்கு அது சரி. ஆனால் 2022 மே மாதம் லண்டன் கிரேட் ஆர்மண்ட் ஸ்ட்ரீட் மருத்துவமனையில் 13 வயதுச் சிறுமிக்குக் கொடுத்த சிகிச்சையை அந்தப் படத்தை வெச்சுப் புரிஞ்சுக்க முடியாது.

அவளுக்கு வந்தது டி-செல் ரத்தப் புற்றுநோய். கீமோதெரபியும் எலும்பு மஜ்ஜை மாற்றும் கைகொடுக்கவில்லை.

டி-செல் நம்ம உடம்பின் காவல்காரன். கார்-டி சிகிச்சையில், புற்றுநோய்ச் செல்லை அடையாளம் காணும் ஒரு ஏற்பியை அதில் பொருத்தி அனுப்புவாங்க. பி-செல் புற்றுநோய்களில் இது நல்லாவே வேலை செய்யுது. இங்கே சிக்கல் என்னன்னா, திருடனும் காவல்காரனும் ஒரே சாதி. இரண்டு பேர் மேலயும் சிடி7 என்ற அதே அடையாளம். 'சிடி7 இருந்தால் கொல்' என்று அனுப்பினால், அனுப்பிய செல்கள் முதலில் ஒன்றையொன்று தீர்த்துக் கட்டிவிடும்.

அதனால் வசீம் காசிம் குழு, வேறொருவர் தானமாகக் கொடுத்த டி-செல்களில் சிடி7-ஐ அணைத்தது. செல்களின் இயல்பான ஏற்பியையும் அணைத்தது. இல்லாவிட்டால் அந்நியச் செல்கள் சிறுமியின் உடம்பையே தாக்கும். சிடி52-உம் போனது. அவளது எதிர்ப்புச் செல்களை ஒடுக்கக் கொடுக்கும் மருந்து சிடி52-ஐத்தான் குறிவைக்கும், புதுச் செல்கள் அதுக்குத் தப்பணுமே.

மூணு இடத்தில் டி.என்.ஏ-வின் இரு இழைகளையும் வெட்டினால், ஒட்டும்போது ஒரு குரோமோசோமின் துண்டு இன்னொன்றில் போய்ச் சேர்ந்துக்கலாம். புற்றுநோய்ச் சிகிச்சையில் அது விளையாட்டல்ல. டேவிட் லியு ஆய்வகம் 2016-ல் வெளியிட்ட 'பேஸ் எடிட்டிங்' இங்கேதான் உதவுது. இரு இழைகளையும் முறிக்காமல், ஒரு சி எழுத்தை டி ஆக மாத்தும். சி-ஏ-ஜி என்றால் 'குளூட்டமினைச் சேர்'. அதுவே டி-ஏ-ஜி ஆனால் 'நிறுத்து'. புரதம் பாதியிலேயே நின்னுடும். நம்ம பாஷையில, ஃபங்ஷனை அழிக்காம நடுவுல ஒரு ரிட்டர்ன் போடுற மாதிரி.

28 நாளில் நோய் பின்வாங்கியது. பிறகு இரண்டாவது மஜ்ஜை மாற்று. ஏன் அதுவும்? அந்தச் செல்களுக்கு நல்ல டி-செல், கெட்ட டி-செல் வித்தியாசம் தெரியாது, எல்லாத்தையும் துடைச்சுடும். புது மஜ்ஜை வேலையைத் தொடங்கும் வரை ஒரு சாதாரணத் தொற்றுகூட அவளுக்கு ஆபத்துதான்.