ஆடு திருடினால் எத்தனை வருஷம் ஜெயில்? கட்டிய இடத்தைப் பொறுத்து தண்டனை மாறும்!

காலையில் எழுந்து பார்த்தால் பட்டி காலி. அறுத்த கயிறு மட்டும் கிடக்கிறது. 6 மாதம் புல் அறுத்துப் போட்டு வளர்த்த கிடாவும், சினையாக இருந்த வெள்ளாடும் போன இடம் தெரியவில்லை. வீட்டுக்கார அம்மா தலையில் அடித்துக்கொண்டு அழுகிறார். சுற்றி நிற்கிற நாலு பேர், "ஸ்டேசனுக்குப் போய் என்ன ஆகப்போகுது? புடிச்சாலும் ரெண்டு நாள்ல வெளிய வந்துடுவான்" என்கிறார்கள்.

தமிழ்நாட்டில் பல கிராமங்களில் கேட்கிற பேச்சு இது. இதில் பாதி உண்மை. மீதிப் பாதி, புகார் மனுவை எழுதுகிற விதத்தில் இருக்கிறது. ஒரே ஆடு, ஒரே திருடன். ஆனால் ஆட்டை எங்கே கட்டி இருந்தார்கள், திருட்டு எத்தனை மணிக்கு நடந்தது, திருடன் கையில் என்ன வைத்திருந்தான் என்பதைப் பொறுத்து தண்டனை 3 வருஷமாகவும் இருக்கலாம், 14 வருஷமாகவும் இருக்கலாம்.

ஒரு அடி நகர்ந்தாலே திருட்டு

2024-ம் ஆண்டு ஜூலை 1-ந்தேதி முதல் இந்திய தண்டனைச் சட்டம் போய், பாரதிய நியாய சன்ஹிதா என்ற புதிய சட்டம் வந்துவிட்டது. அந்தத் தேதிக்கு முன்பு நடந்த திருட்டுக்கு பழைய சட்டப்படிதான் கேஸ் நடக்கும். பின்பு நடந்ததற்கு புதிய சட்டம். ஊர் வாயில் பிரபலமான 379 (திருட்டு) இப்போது 303-வது பிரிவு ஆகிவிட்டது.

"நான் ஆட்டை வெளியே கொண்டு போகவே இல்லையே, வாசலிலேயே மடக்கிட்டாங்களே" என்று பிடிபட்டவன் சொன்னால் அது எடுபடாது. உயிருள்ள பிராணியை எந்த வழியிலாவது நகர வைத்தாலே, அதை நகர்த்தியதாகத்தான் சட்டம் சொல்கிறது. 1860-ல் வெள்ளைக்காரன் எழுதிய சட்டத்திலேயே இதற்கு உதாரணம் இருக்கிறது. சட்டைப் பைக்குள் தீனியை வைத்துக்கொண்டு அடுத்தவர் நாயை ஆசை காட்டி இழுத்தால், நாய் பின்னால் நடக்கத் தொடங்கிய உடனே திருட்டு முடிந்துவிட்டது. அகத்திக்கீரையைக் காட்டி ஆட்டைக் கூப்பிட்டாலும் அதே கதைதான்.

இந்த சாதாரண திருட்டுக்கு 3 வருஷம் வரை ஜெயில், அல்லது அபராதம், அல்லது இரண்டும். இதே திருட்டுக் குற்றத்தில் இரண்டாவது முறை தண்டனை பெற்றால் குறைந்தது 1 வருஷம், அதிகபட்சம் 5 வருஷம் கடுங்காவல்.

வயல் வேறு, கொட்டகை வேறு

முதலில் அத்துமீறி நுழைவதைப் பார்க்கலாம். வயலுக்குள் கால் வைத்தவன் எல்லாம் குற்றவாளி இல்லை. வரப்பு வழியாக குறுக்கே நடந்து போகிறவனை இந்தப் பிரிவில் உள்ளே தள்ள முடியாது. குற்றம் செய்யவோ, நிலத்துக்காரரை மிரட்டவோ, அவமானப்படுத்தவோ, தொல்லை கொடுக்கவோ நினைத்து நுழைந்திருக்க வேண்டும். அப்படி நுழைந்தால் 3 மாதம் வரை ஜெயில் அல்லது 5 ஆயிரம் ரூபாய் வரை அபராதம். இரண்டும் சேர்ந்தும் வரலாம். பழைய சட்டத்தில் இந்த அபராதம் வெறும் 500 ரூபாய்தான்.

இதே ஆசாமி, ஆள் குடியிருக்கிற வீட்டுக்குள்ளோ, பொருளை வைத்துப் பாதுகாக்கிற கட்டிடத்துக்குள்ளோ புகுந்து திருடினால் கதையே மாறுகிறது. 305-வது பிரிவு வருகிறது. 7 வருஷம் வரை ஜெயில், கூடவே அபராதம்.

ராத்திரி நேரத்தில், கண்ணில் படாமல் பதுங்கியோ, பூட்டை உடைத்தோ, சுவரில் துளை போட்டோ இப்படிப்பட்ட இடத்துக்குள் திருடுவதற்காகப் புகுந்தால் 331-வது பிரிவு. பழைய 457 இதுதான். இதற்கு 14 வருஷம் வரை தண்டனை உண்டு. பகலில் இதையே செய்தால் 10 வருஷம். சூரியன் மறைந்த பிறகு, உதிப்பதற்கு முன்பு என்பதுதான் சட்டத்தின் ராத்திரிக் கணக்கு.

திறந்த வயலில் நாலு வலையைக் கட்டி கிடை போட்டிருந்தால் அதைக் கட்டிடம் என்று சொல்வது கஷ்டம். அங்கே திருடினால் பெரும்பாலும் சாதாரண திருட்டுதான். சுவர் வைத்து, கதவு போட்டு, கூரை வேய்ந்த தொழுவம் என்றால் அது பொருளைப் பாதுகாக்கிற கட்டிடம் என்று வாதாட இடம் இருக்கிறது. அதனால், "என் தோட்டத்தில் ஆடு காணாமல் போய்விட்டது" என்று ஒரே வரியில் மனு எழுதினால் 14 வருஷ கேஸ் 3 வருஷ கேசாக இறங்கிவிடும். "கதவு சாத்தி, நாதாங்கி போட்ட கொட்டகை. ராத்திரி 11 மணிக்கு பார்த்தபோது ஆடு இருந்தது. காலை 4 மணிக்கு நாதாங்கி உடைந்து கிடந்தது" என்று நடந்ததை நடந்தபடி எழுத வேண்டும்.

5 ஆயிரம் ரூபாய் சிக்கல்

புதிய சட்டத்தில் ஏழைகளுக்கு தெரியாத ஒரு வளைவு இருக்கிறது. திருடு போன பொருளின் மதிப்பு 5 ஆயிரம் ரூபாய்க்கு கீழே, திருடியவன் முதல் முறை தண்டனை பெறுகிறவன், பொருளையோ அதன் விலையையோ திருப்பிக் கொடுத்துவிட்டான் என்றால் ஜெயிலே கிடையாது. சமூக சேவைதான். தெருவைக் கூட்டுவது, ஆஸ்பத்திரியில் வேலை செய்வது மாதிரி கோர்ட்டு சொல்கிற வேலையை செய்துவிட்டுப் போகலாம்.

அதோடு விடவில்லை. 5 ஆயிரத்துக்கு குறைந்த திருட்டை, வாரண்டு இல்லாமல் கைது செய்ய முடியாத குற்றமாக சேர்த்துவிட்டார்கள். மாஜிஸ்திரேட்டு உத்தரவு இல்லாமல் போலீசார் விசாரணையைக் கூட தொடங்க முடியாது.

ஒரு நல்ல கிடா இன்று 10 ஆயிரம் ரூபாயை சர்வ சாதாரணமாகத் தாண்டுகிறது. ஆனால் குட்டியாக 3 ஆயிரத்துக்கு வாங்கி ஒரு வருஷம் வளர்த்தவர், மனுவில் வாங்கிய விலையையே எழுதினால் என்ன ஆகும்? அவர் கேஸ் அந்த இடத்திலேயே படுத்துவிடும். எழுத வேண்டியது, காணாமல் போன அன்றைக்கு சந்தையில் அந்த ஆடு என்ன விலை போகுமோ அது. கூட்டி எழுதவும் வேண்டாம். விலை பொய் என்று குறுக்கு விசாரணையில் தெரிந்தால், மற்றதையும் பொய் என்பார் எதிர்த்தரப்பு வக்கீல்.

மனு கொடுத்தால் சில நேரம் சி.எஸ்.ஆர். என்ற மனு ரசீதை மட்டும் கையில் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். அது எப்.ஐ.ஆர். இல்லை. எப்.ஐ.ஆர். போட்டால் அதன் நகல் இலவசமாகத் தர வேண்டும். போட மறுத்தால் மாவட்ட போலீஸ் சூப்பிரண்டுக்கு மனுவை எழுதி அனுப்பலாம். அங்கேயும் நடக்கவில்லை என்றால் மாஜிஸ்திரேட்டு கோர்ட்டுக்குப் போகலாம்.

பிடிபட்டவன் ஏன் வெளியே வருகிறான்?

ஊரில் கொதிக்கிற விஷயம் இதுதான். 7 வருஷம் வரை தண்டனை உள்ள குற்றங்களில் ஆளைப் பிடித்த உடனே கைது செய்ய வேண்டும் என்று கட்டாயம் இல்லை, கைதுக்கு காரணம் எழுத வேண்டும், தேவை இல்லை என்றால் நோட்டீஸ் கொடுத்து விசாரிக்கலாம் என்று 2014-ல் சுப்ரீம் கோர்ட்டு சொல்லிவிட்டது. சாதாரண ஆடு திருட்டு அந்த வரம்புக்குள் வருகிறது. அதனால் காலையில் பிடிபட்டவன் சாயங்காலம் அதே பைக்கில் ஊருக்குள் சுற்றினால், போலீஸ் காசு வாங்கிவிட்டது என்று எடுத்த எடுப்பில் முடிவு கட்ட வேண்டியது இல்லை.

கேஸ் நடந்து குற்றம் நிரூபணம் ஆனாலும் முதல் வகுப்பு மாஜிஸ்திரேட்டு அதிகபட்சம் 3 வருஷம்தான் தண்டனை கொடுக்க முடியும். அவருக்கு உள்ள அதிகாரம் அவ்வளவுதான். 14 வருஷ பிரிவில் கேஸ் இருந்தாலும் இதே கதைதான். இன்னும் அதிகம் தேவை என்று நினைத்தால் தலைமை ஜூடிசியல் மாஜிஸ்திரேட்டுக்கு அனுப்பி வைப்பார். அவர் 7 வருஷம் வரை போகலாம். ஏற்கனவே ஜெயிலில் கழித்த நாட்களையும் தண்டனையில் கழித்துக் கொள்வார்கள். 21 வயதுக்கு கீழ் உள்ள முதல் தடவை ஆசாமி என்றால், ஜெயிலுக்கு அனுப்பாமல் நன்னடத்தைக் கண்காணிப்பில் விட முடியுமா என்று கோர்ட்டு பார்க்க வேண்டும். அதற்கு 1958-ம் வருஷ சட்டம் இருக்கிறது.

இதையே தொழிலாக வைத்திருக்கிற பலே கில்லாடிகளுக்குத்தான் குண்டர் சட்டம். 1982-ல் வந்த இந்த தமிழ்நாடு சட்டத்தில், கலெக்டரோ போலீஸ் கமிஷனரோ உத்தரவு போட்டால் 1 வருஷம் வரை உள்ளேயே வைக்கலாம்.

கத்தி இருந்தால் கதை வேறு

2021-ம் ஆண்டு நவம்பர் 21-ந்தேதி அதிகாலை. திருச்சி நவல்பட்டு போலீஸ் நிலைய சிறப்பு சப்-இன்ஸ்பெக்டர் பூமிநாதன், ஆடு திருடிக்கொண்டு பைக்கில் பறந்தவர்களை விரட்டிக்கொண்டே போனார். புதுக்கோட்டை மாவட்டம் கீரனூர் அருகே பள்ளத்துப்பட்டியில் மடக்கிப் பிடித்தார். அங்கேயே வெட்டிக் கொல்லப்பட்டார். கைதானவர்களில் 2 பேர் 18 வயது நிரம்பாத சிறுவர்கள். அவர் குடும்பத்துக்கு 1 கோடி ரூபாய் நிதியை அரசு அறிவித்தது. ஒரு ஆட்டுக்காக ஒரு உயிர்.

இது இந்த மண்ணுக்கு புதிதும் இல்லை. தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006-ல் கண்டெடுத்த நடுகல், 2 ஆயிரம் வருஷத்துக்கு முன்பு மாடு கவர்ந்த சண்டையில் செத்த ஒருவனுக்காக நட்டது.

திருடும்போதே ஆளைக் கொல்லவோ, காயப்படுத்தவோ தயாராக ஆயுதத்தோடு போனால் 10 வருஷம் வரை கடுங்காவல். ஆட்டைத் தூக்கிக்கொண்டு ஓடுவதற்காக தடுத்தவரை அடித்தாலோ, கத்தியைக் காட்டி மிரட்டினாலோ அது திருட்டு இல்லை, கொள்ளை. அதற்கும் 10 வருஷம். நெடுஞ்சாலையில் ராத்திரி நடந்தால் 14. காயம் பட்டால் ஆயுள் வரை போகும். 5 பேரோ அதற்கு மேலோ சேர்ந்து செய்தால் கூட்டுக்கொள்ளை. அதற்கும் ஆயுள் தண்டனை வரை உண்டு. "கத்தியைக் காட்டினான்" என்ற ஒரு வரியை பயத்தில் மனுவில் விட்டுவிட்டால் இதெல்லாம் போய்விடும்.

துப்புக்கூலி வாங்கினாலும் உள்ளேதான்

மதுரை, தேனி பக்கம் துப்புக்கூலி என்ற வார்த்தை பெருசுகளுக்கு நன்றாகத் தெரியும். "இவ்வளவு கொடு, மாடு நாளைக்கு வந்து சேரும்" என்று நடுவில் ஒருவர் பேசி முடிப்பார். திருடனைப் பிடித்துக் கொடுக்க எந்த முயற்சியும் செய்யாமல், திருட்டுப் பொருளை மீட்டுத் தருகிறேன் என்று காசு வாங்குவது தனிக் குற்றம். 2 வருஷம் வரை ஜெயில்.

கறிக்கடைக்காரரும் தப்ப முடியாது. திருட்டு ஆடு என்று தெரிந்தோ, அப்படி நம்ப காரணம் இருந்தோ வாங்கினால் 3 வருஷம். நள்ளிரவில் ஆட்டோவில் வந்து பாதி விலைக்கு தள்ளிவிட்டுப் போனவனிடம் வாங்கிவிட்டு, "எனக்கு எதுவும் தெரியாது" என்றால் கோர்ட்டு எப்படி நம்பும்? இதையே வாடிக்கையாக செய்தால் ஆயுள் வரை தண்டனை. வெட்டித் தோல் உரித்த பிறகு ஆட்டை அடையாளம் காட்டவும் முடியாது. காது வில்லை எண், கொம்பில் அடித்த பெயிண்டு, செல்போனில் எடுத்த போட்டோ, இவைதான் பிறகு சாட்சி சொல்லும்.

மரத்தில் கட்டி வைத்து அடித்தால்...

கண் முன்னால் திருடியவனை பொதுமக்களே பிடிக்கலாம். அதற்கு சட்டம் இடம் கொடுக்கிறது. ஆனால் 6 மணி நேரத்துக்குள் போலீசில் ஒப்படைக்க வேண்டும். மரத்தில் கட்டி வைத்து தர்மஅடி கொடுத்தால் கேஸ் திரும்பிவிடும். எலும்பு முறிந்தால் அடித்தவருக்கு 7 வருஷம் வரை. செத்துப்போனால் கொலை வழக்கு. ஆடு திருடியவனுக்கு 3 வருஷம், அவனை அடித்துக் கொன்றவர்களுக்கு ஆயுள்!

ராத்திரியில் வீட்டை உடைத்துப் புகுந்தவனை எதிர்த்து அடிக்கவும், உயிருக்கு ஆபத்து என்ற நிலையில் அதற்கு மேல் போகவும் தற்காப்பு உரிமை இருக்கிறது. கையை மடக்கிக் கட்டிய பிறகு அந்த உரிமை கிடையாது. பட்டியைச் சுற்றி திருட்டு கரண்டு இழுத்து கம்பி வேலி போடுகிறவர்களுக்கும் இது பொருந்தும். செத்தது திருடனாகவே இருந்தாலும் ஜெயிலுக்குப் போவது வேலி போட்டவர்தான்.

மீட்ட ஆடு எப்போது வரும்?

போலீசார் ஆட்டை மீட்டால், கேஸ் முடிகிற வரை ஸ்டேசன் வாசலில் கட்டி வைக்க வேண்டிய அவசியம் இல்லை. மாஜிஸ்திரேட்டு கோர்ட்டில் மனு போட்டு, பாண்டு எழுதிக் கொடுத்து வாங்கிக்கொள்ளலாம். போட்டோ, வீடியோ எடுத்துவிட்டு உரியவரிடம் கொடுப்பதற்கு புதிய நடைமுறைச் சட்டத்திலும் வழி இருக்கிறது.

ஆடு கறியாகிப் போயிருந்தால், தீர்ப்பு சொல்லும்போது நஷ்டஈடு கொடுக்கச் சொல்லி உத்தரவு போட கோர்ட்டுக்கு அதிகாரம் உண்டு. அபராதத் தொகையில் இருந்தே அதை எடுத்துக் கொடுக்கலாம். அரசு வக்கீலிடம் முன்கூட்டியே சொல்லி வைத்தால் அவர் கேட்பார். பல பேர் சாட்சி சொன்ன கையோடு கிளம்பி வந்துவிடுகிறார்கள். தீர்ப்பு தேதி எது என்றே கேட்டு வைப்பதில்லை.