மார்புப் படத்தை வாசித்தல்

தேக்காவிற்கு வெகு தொலைவில் இல்லாத டான் டோக் செங் மருத்துவமனை, 1844இல் அப்பெயருடைய சீன வணிகரின் தர்மத்தால் உருவாகிப் பிற்காலத்தில் க்ஷயரோகிகளின், அதாவது காசநோயாளிகளின், புகலிடமாக விளங்கியதும், அந்நோயை எதிர்ப்பதற்கென்றே 1947இல் சிங்கப்பூரில் ஒரு சங்கம் தோன்றியதும் இன்று பலர் மறந்துவிட்ட சரித்திரம்.

அந்நோயைத் தேட உதவும் எக்ஸ்ரே படத்தில், காற்று நிறைந்த நுரையீரல் கறுப்பாகவும், கதிர்களைத் தடுக்கும் எலும்பு வெண்மையாகவும் விழும். நோயாளி எதிரே நிற்பதாகப் பாவித்துப் பார்ப்பதால், அவருடைய இதயம் நம் வலப்பக்கமாகத் தோன்றும். நுரையீரலின் உச்சியில், காறை எலும்பின் அருகே, மேகம் படிந்தாற்போன்ற வெண்மையும் அதன் நடுவே ஒரு கருங்குழியும் தென்பட்டால் நிபுணர் காசநோயைச் சந்தேகிப்பார். ஆயினும், ஆறிப்போன பழைய தழும்பும் சில சமயம் நோயெனவே மயக்குமாதலால், முந்தைய படத்தோடு ஒப்பிட்டு, நெடுநாள் இருமல், மாலைக் காய்ச்சல், உடல் மெலிவு முதலிய லக்ஷணங்களை விசாரித்து, சளியையும் பரிசோதித்த பின்னரே நோயை நிர்ணயம் செய்வது மருத்துவ மரபு.

வேலை அனுமதி பெற்று இங்கு வரும் தொழிலாளர்களுக்கும் மார்புப் படம் எடுக்கப்படுகிறது. ஆகையால், ஊரில் எடுத்த பழைய படம் கைவசம் இருப்பின், அதை எறிந்துவிடாமல் மருத்துவரிடம் அவசியம் காட்டுங்கள்.