சாமானியர் சாட்சியம்

ஒரு சாம்ராஜ்யம் விழுவதற்குச் சில மணி நேரம் போதும். அந்த வீழ்ச்சியின் பாரத்தைச் சுமக்கும் ஜனங்களுக்கோ ஒரு தலைமுறைக் காலமும் போதுவதில்லை. 1991-ம் வருஷம் டிஸம்பர் மாதம் 25-ந் தேதி இரவு மாஸ்கோ நகரத்துக் கிரெம்ளின் மாளிகையின் உச்சியிலிருந்து செங்கொடி இறக்கப்பட்டது. கோர்பசேவ் பதவி துறந்தார். பதினைந்து குடியரசுகள் பதினைந்து தனி ராஜ்யங்களாயின. இவ்வளவும் சரித்திரப் புஸ்தகங்களில் ஏறிவிட்டன. மறுநாட் காலையில் ரொட்டி வாங்க வரிசையில் நின்ற கிழவியின் மனத்தில் என்ன ஓடிற்று என்பதற்கு மட்டும் அப்புஸ்தகங்களில் இடமில்லை.

தமிழ்நாட்டின் எல்லையில், ஓசூரை ஒட்டி, கர்நாடகத்து அத்திப்பள்ளிக்கு எதிரே கிடக்கும் ஜூஜுவாடியில் உள்ளவர்களுக்கு ருஷியாக் கிழவியின் மனக்கவலை எதற்கு என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். அதற்கு விடை கூறவே இன்று எழுதுகிறோம்.

அந்தக் கிழவியைப் போன்றவர்களின் பேச்சைக் கேட்பதற்கென்றே ஒரு பெண்மணி இருபது வருஷங்களைச் செலவிட்டார். பேலாருஸ் தேசத்துப் பத்திரிகை எழுத்தாளரான ஸ்வெத்லானா அலெக்ஸியேவிச் 1948-ல் பிறந்தவர். இரண்டாம் உலக யுத்தத்தில் போரிட்ட பெண்கள், ஆப்கானிஸ்தானத்திலிருந்து திரும்பிய சிப்பாய்கள், செர்னோபிலின் துயரத்தில் சிக்கிய குடும்பங்கள் ஆகியோரின் வாய்மொழிகளை முன்பே நூல்களாகத் தொகுத்திருந்தார். 1991 முதல் 2012 வரை சோவியத் ராஜ்யத்தின் சாமானியப் பிரஜைகளைச் சமையலறைகளிலும் கடைவீதிகளிலும் சந்தித்து, அவர்கள் கூறியவற்றைக் கேட்டுப் பதிந்தார். அத்தொகுப்பு 2013-ல் வெளிவந்தது. 2015-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. மந்திரிகளையும் சேனாதிபதிகளையும் அவர் தேடிப் போகவில்லை. சம்பளம் வாங்கி, பிள்ளை பெற்று, ஓய்வுச் சம்பளத்தை நம்பி முதுமையடைந்தவர்களைத் தேடிப் போனார். அவர்களுள் பழைய ஆட்சியை எண்ணி அழுதவர்களும் உண்டு. அது தொலைந்ததென்று மகிழ்ந்தவர்களும் உண்டு. இரு சாராரையும் அவர் குறுக்கிடாமல் பேசவிட்டார். அதுவே அந்நூலின் பெருமை.

அவர்கள் கண்டது என்ன? 1992-ம் வருஷம் ஜனவரி 2-ந் தேதி ருஷியச் சர்க்கார் பெரும்பாலான பண்டங்களின் விலைக் கட்டுப்பாட்டை ஒரே வீச்சில் நீக்கிற்று. அவ்வொரு வருஷத்துக்குள் விலைகள் ஏறக்குறைய 26 மடங்கு ஏறின. முப்பது நாற்பது வருஷம் உழைத்துச் சேமித்த பணம் சேமிப்பு வங்கியில் இருந்தபடியே கரைந்து போயிற்று. தேசத்தின் தொழிற்சாலைகளில் உங்களுக்கும் பங்கு உண்டு என்று சொல்லி, பிரஜை ஒவ்வொருவருக்கும் 10,000 ரூபிள் முகமதிப்புள்ள சீட்டு ஒன்று கொடுத்தார்கள். அதன் பெறுமானம் அறியாத பலர் சொற்ப விலைக்கு விற்றுவிட்டனர். யந்திர சாஸ்திரம் கற்றவர்களும் பள்ளி ஆசிரியர்களும் தெருவோரத்தில் பழந்துணி விற்றனர். 1990-ல் ஏறக்குறைய 64 ஆக இருந்த ருஷிய ஆண்களின் சராசரி ஆயுள் 1994-ல் 58-க்கும் கீழே இறங்கிற்று. யுத்தம் இல்லை, கொள்ளை நோயும் இல்லை. நாளைய தினத்தின்மீது இருந்த நம்பிக்கை போயிற்று, குடி பெருகிற்று, வைத்தியம் குறைந்தது. எனினும், வாய்ப்பூட்டு கழன்றது என்று அக்காலத்தைக் கொண்டாடியவர்களின் கூற்றும் பொய்யன்று. தகப்பன் அழுத அதே வீட்டில் மகன் சிரித்தான். இரண்டும் சாட்சியமே.

இவ்வீழ்ச்சி நம் நாட்டையும் தொட்டது. நெய்வேலியில் 1962-ல் மின்சாரம் தரத் தொடங்கிய முதல் அனல் மின்நிலையமும், சென்னை நந்தம்பாக்கத்தில் எழுந்த அறுவைக் கருவித் தொழிற்சாலையும் சோவியத் உதவியால் அமைந்தவை. கூடங்குளம் அணுமின் நிலையத்துக்கு 1988-ல் ராஜீவ் காந்தியும் கோர்பசேவும் உடன்படிக்கை செய்தனர். கையொப்பமிட்ட ராஜ்யமே மறைந்துவிட்டபடியால் வேலை 2002-ல்தான் தொடங்கிற்று. 2013-ல்தான் முதல் மின்சாரம் வந்தது. மாஸ்கோவிலும் கீவிலும் அப்போது படித்துக்கொண்டிருந்த நம் மாணவர்களின் நிலை விசித்திரமானது. சோவியத் ராஜ்யம் என்ற தேசத்தில் படிக்கச் சேர்ந்தவர்கள் உக்ரைன் என்ற வேறொரு தேசத்தில் பட்டம் பெற்றனர். அவர்களிற் பலர் இன்று நம் ஊர்களில் முதிர்ந்த டாக்டர்கள். அவர்களைக் கூப்பிட்டுக் கேட்டவர் எத்தனை பேர்?

நீலகிரியின் கதை இன்னும் நெருக்கமானது. 1953-ல் முதல் வர்த்தக உடன்படிக்கை ஏற்பட்ட பிறகு, டாலரோ பவுனோ இல்லாமல் ரூபாய்க் கணக்கிலேயே இரு தேசங்களும் கொள்வினை கொடுப்பினை நடத்த வழி பிறந்தது. நம்மிடம் யந்திரமும் ஆயுதமும் எண்ணெயும் விற்ற சோவியத் சர்க்கார், கிடைத்த ரூபாயைக் கொண்டு தேயிலையும் துணியும் மருந்தும் வாங்கிற்று. இந்தியத் தேயிலைக்கு அந்நாட்களில் அதுவே பெரிய கிராக்கி. கோத்தகிரியிலும் குந்தாவிலும் ஓரிரண்டு ஏக்கரில் பச்சைத் தேயிலை பறித்துத் தொழிற்சாலைக்குப் போட்ட சிறு விவசாயி மாஸ்கோவைக் கண்டதில்லை. ஆயினும் அவனுடைய அடுப்பு எரிந்ததற்கு மாஸ்கோவும் ஒரு காரணம். ராஜ்யம் மறைந்தது, ரூபாய்க் கணக்கும் முடிந்தது. பழைய கடனை எப்படித் தீர்ப்பது என்று 1993 ஜனவரியில் எல்த்ஸின் டில்லிக்கு வந்தபோது இரு சர்க்கார்களும் பேசி முடித்துக்கொண்டன. விவசாயியின் கணக்கைப் பேசி முடிக்க எவரும் வரவில்லை. 1998 ஆகஸ்டில் ரூபிள் மீண்டும் சரிந்தது. அதையொட்டிய வருஷங்களில் நீலகிரியில் பச்சைத் தேயிலையின் விலை படுத்துவிட்டது. அயல்நாட்டுப் போட்டியும், விளைச்சல் மிகுதியும், தரக்குறைவும் காரணங்களில் சேர்ந்தவையே. எந்தக் காரணம் எவ்வளவு என்பதை நிபுணர்கள் ஆராயட்டும். கடன் வாங்கித் தோட்டம் போட்டவன் வீட்டில் அவ்வருஷங்களில் யாருடைய படிப்பு நின்றது, எந்தக் கல்யாணம் தள்ளிப்போயிற்று என்பதை நிபுணர் அறியார். அதை அவ்வீட்டார்தான் சொல்ல வேண்டும்.

புஸ்தகங்களையும் மறக்கலாகாது. மாஸ்கோவின் முன்னேற்றப் பதிப்பகமும் ராதுகா பதிப்பகமும் அச்சிட்ட தமிழ் நூல்களை நியூ செஞ்சுரி புக் ஹவுஸ் ஊர் ஊராகக் கொண்டுவந்து மிகச் சொற்ப விலைக்கு விற்றது. ரா. கிருஷ்ணையா, பூ. சோமசுந்தரம் முதலியோர் தமிழாக்கிய டால்ஸ்டாயும் கார்க்கியும் கூலிக்காரர் வீட்டு அலமாரியிலும் இடம் பெற்றன. 1991-ஓடு அந்த ஊற்றும் வற்றிற்று. அவற்றைப் படித்து வளர்ந்த தொழிற்சங்கத்தார் பலர் இன்னும் இருக்கின்றனர். தாம் நம்பிய தேசம் ஒரே இரவில் இல்லையென்று ஆனபோது அவர்கள் மனம் என்ன பாடுபட்டது? வென்றோம் என்று எதிர்க்கட்சியார் ஆர்ப்பரித்தனர். ஒன்றும் நேரவில்லை என்று இவர்களில் சிலர் சாதித்தனர். அந்தரங்கமாக நேர்ந்ததை இன்னும் எவரும் கேட்டுப் பதியவில்லை.

இனி நம் எல்லைக்கு வருவோம். ஓசூருக்கு அருகிலுள்ள தொரப்பள்ளியில் 1878-ல் பிறந்தவர் ராஜாஜி. 1959-ல் சுதந்திராக் கட்சியைத் தோற்றுவித்து, சர்க்காரின் தொழிற் கட்டுப்பாட்டைப் பெர்மிட், லைசென்ஸ், கோட்டா ராஜ்யம் என்று கண்டித்தவர் அவர். அவர் பிறந்த மண்ணிலேயே 1971-ல் ஏற்பட்ட சிப்காட் என்ற சர்க்கார் ஸ்தாபனம் தொழிற்பேட்டை அமைத்தது வேடிக்கையன்றோ? 1980-ல் அசோக் லேலண்டு வந்தது. 1984-ல் டாடா நிறுவனமும் தமிழ்நாட்டுச் சர்க்காரின் டிட்கோவும் கூடித் தொடங்கிய டைட்டன் கடிகாரக் கம்பெனி ஓசூரில் ஆலை கண்டது. எல்லைக்கு அப்பால் பெங்களூரில், 1961 முதல் தேசத்துக்கே கைக்கடிகாரம் செய்து கொடுத்தது எச்.எம்.டி. என்ற மத்திய சர்க்கார் ஆலை. 1991 ஜூலை 24-ந் தேதி, இந்தியா தங்கத்தை அடகு வைத்த அந்த மாதத்திலேயே, பெரும்பாலான தொழில்களுக்கு லைசென்ஸ் வேண்டாம் என்று புதிய கொள்கை பிறந்தது. சோவியத் ராஜ்யம் மறைய அப்போது ஐந்து மாதமே பாக்கி. 2016-ல் எச்.எம்.டி. கடிகாரக் கம்பெனியை மூடச் சர்க்கார் தீர்மானித்தது. ஒரே நெடுஞ்சாலையின் ஒரு முனையில் ஒரு கடிகாரம் நின்றது. மறு முனையில் இன்னொன்று ஓடிற்று. இரண்டுக்கும் நடுவில் ஜூஜுவாடி இருக்கிறது. இரு பக்கத்துத் தொழிலாளியும் இவ்வழியாகத்தான் பஸ் ஏறினான்.

ஜூஜுவாடியே ஒரு சிறு வீழ்ச்சியைக் கண்ட ஊர். இங்கே வணிகவரிச் சோதனைச்சாவடி இருந்தது. ஜனங்கள் அதைச் செக்போஸ்ட் என்றே அழைத்தனர். லாரிகள் வரிசையாக நின்றன. வரிசை இருக்குமிடத்தில் டீக்கடை பிழைக்கும். சாப்பாட்டுக் கடை பிழைக்கும். காகிதம் பூர்த்தி செய்து கொடுப்பவன் பிழைப்பான். கை நீட்டுகிறவனும் பிழைப்பான். 2017 ஜூலை 1-ந் தேதி ஜி.எஸ்.டி. வந்தது; வரிச்சாவடியின் வேலை தீர்ந்தது. மணிக்கணக்காகக் காத்திருந்த லாரிக்காரனுக்கு அது விடுதலை. வரிசையை நம்பியவனுக்கு அது வயிற்றிலடி. மாஸ்கோவில் நடந்ததை இதனோடு சமமாக்குவது பேதைமை. ஆயினும் ஏற்பாடு ஒன்று மறையும்போது ஒருவனுக்கு விடிவதும் இன்னொருவனுக்கு இருள்வதும் ஒரே நாளில் நடக்கும் என்ற பாடத்தை இவ்வூரார் புஸ்தகம் இல்லாமலே கற்றிருக்கின்றனர். தமிழும் தெலுங்கும் கன்னடமும் கலந்து பேசும் இவ்வூரின் வாய்மொழியை மூன்று பாஷையிலும் கேட்க வேண்டும்.

வாய்மொழி எப்படிச் சரித்திரமாகும் என்ற ஆட்சேபம் எழலாம். கோர்ட்டுகளில் பழகிய நமக்கு அந்த ஆட்சேபத்தின் பலம் தெரியும். 1872-ம் வருஷத்துச் சாட்சியச் சட்டம், பத்திரங்களின் வாசகம் நீங்கலாக எவ்விஷயத்தையும் வாய்மொழிச் சாட்சியத்தால் ருசுப்படுத்தலாம் என்றது. அச்சாட்சியம் நேரடியானதாக இருக்க வேண்டும் என்றும் நிபந்தனை விதித்தது. கண்டவன் கண்டதையும், கேட்டவன் கேட்டதையுமே சொல்லலாம். 2024 ஜூலை 1 முதல் அதற்குப் பதிலாகப் புதிய சட்டம் அமுலுக்கு வந்தும் அத்தத்துவம் மாறவில்லை. கொலை வழக்கில் ஒருவன் உயிரைத் தீர்மானிக்க வாய்மொழி போதுமென்றால், விலைவாசி ஏறியபோது தன் வீட்டில் நடந்ததை ஒருத்தி சொல்வதை ஏற்க ஏன் தயங்க வேண்டும்? ஞாபகம் பிசகும், கோபம் கூட்டிச் சொல்லும், ஏக்கம் குறைத்துச் சொல்லும். அதற்காகத்தான் பல சாட்சிகளை விசாரிக்கிறோம், பத்திரங்களோடு ஒத்துப் பார்க்கிறோம். சர்க்கார் தஸ்தாவேஜு தீர்மானத்தைச் சொல்லும். தீர்மானம் எவன் முதுகில் விழுந்தது என்பதைச் சொல்லாது.

தாமதத்தின் விலையையும் நாம் அறிவோம். 1947-ல் தேசப் பிரிவினையால் வீடிழந்த லட்சக்கணக்கானவர்களின் வாய்மொழியை விரிவாகத் தொகுத்து ஊர்வசி புட்டாலியா எழுதிய நூல் 1998-ல்தான் வந்தது. அரை நூற்றாண்டில் எத்தனை சாட்சிகள் சுடுகாட்டுக்கும் இடுகாட்டுக்கும் போயினர்! ருஷியாவிலோ வேறொரு ஆபத்து. ஸ்டாலின் காலத்துக் கொடுமைகளுக்குச் சாட்சியம் சேர்த்த மெமோரியல் என்ற சங்கத்தை 2021 டிஸம்பரில் அத்தேசத்து உச்சநீதிமன்றம் கலைத்தது. அலெக்ஸியேவிச்சும் 2020-ல் தாய்நாட்டை விட்டு ஜெர்மனிக்குச் செல்ல நேர்ந்தது. அதிகாரத்தில் உள்ளவர்கள் அச்சிட்ட புஸ்தகத்துக்கு அஞ்சுவதைவிட, சாமானியன் வாய் திறப்பதற்கு அதிகமாக அஞ்சுகின்றனர் என்பதற்கு இதைவிட ருசு வேண்டுமா?

ஆகவே நம் அரசியல் ஊழியர்களுக்கு ஒன்று கூறுகிறோம். 1991-ல் முப்பது வயதாயிருந்த தொழிலாளிக்கு இன்று அறுபதுக்கு மேல். இன்னும் பத்து வருஷம் காத்திருந்தால் கேட்க ஆளிராது. கூட்டம் போடுவதற்கும் கொடி கட்டுவதற்கும் செலவாகும் நேரத்தில் வாரம் ஒரு மாலைப் பொழுதை இதற்கு ஒதுக்குங்கள். தொழிற்சங்கங்களும், நூலகங்களும், ஓசூர், கிருஷ்ணகிரிக் கல்லூரிகளின் மாணவர்களும் இதைச் செய்யலாம். பெரிய பணம் வேண்டாம். பேசுவதைப் பதியும் கருவி இன்று ஒவ்வொருவர் சட்டைப் பையிலும் இருக்கிறது. சொல்பவரின் சம்மதம் பெறுங்கள். பெயரை மறைக்கச் சொன்னால் மறையுங்கள். ஆண்களோடு நிறுத்தாமல் அடுப்படியில் இருந்தவர்களையும் கேளுங்கள். சம்பளம் நின்ற வீட்டின் உண்மையான பொக்கிஷ மந்திரி அவர்களே. எதைத் தின்றீர்கள், எதை விற்றீர்கள், யாரிடம் கடன் பட்டீர்கள், யாரை நம்பினீர்கள் என்று கேளுங்கள். எந்தக் கட்சி சரி என்று கேட்காதீர்கள். உங்கள் கொள்கைக்கு விரோதமான விடை வரும்போது பதியும் கருவியை நிறுத்தாதிருப்பதே இதில் கஷ்டமான தேச சேவை.

பொதுவுடைமை வென்றதா, முதலாளித்துவம் வென்றதா என்ற தர்க்கம் மேடைகளில் நடந்துகொண்டே இருக்கும். இரண்டின் பேராலும் உழைத்தவனும் இழந்தவனும் ஒருவனே. அவன் இன்னும் உயிரோடிருக்கிறான். அவன் சொல்வதற்குத் தயாராக இருக்கிறான். கேட்பதற்கு நாம் தயாரா என்பதே கேள்வி.