நடுவில் ஒரு மரக்கட்டை

ஒரு ரப்பர் பேண்டை இரண்டு விரல்களுக்கு நடுவே இழுத்துப் பிடித்துச் சுண்டிப் பாருங்கள். சத்தம் லேசாகத்தான் வரும். அதையே மூடி இல்லாத டிபன் பாக்ஸின் குறுக்கே மாட்டிச் சுண்டுங்கள். ‘டொய்ங்’ என்று நன்றாகக் கேட்கும். ரப்பர் பேண்டு மெல்லியது, அதனால் கொஞ்சம் காற்றைத்தான் தள்ள முடியும். டப்பாவின் பரப்போ பெரியது. ரப்பர் பேண்டின் அதிர்வு அதற்குத் தொற்றியதும், அது நிறையக் காற்றைத் தள்ளிவிடுகிறது. சாதாரண மரக் கிட்டாரின் வயிறு காலியாக இருப்பதும் இதற்காகத்தான்.

எலெக்ட்ரிக் கிட்டாருக்கு இந்த வயிறு தேவையே இல்லை. அதன் தந்திகளுக்குக் கீழே ‘பிக்கப்’ என்ற சிறு கருவி இருக்கும். காந்தத்தைச் சுற்றி, தலைமுடி போன்ற மெல்லிய செம்புக் கம்பியை ஆயிரக்கணக்கான சுற்றுகள் சுற்றியிருப்பார்கள். மேலே இரும்புத் தந்தி ஆடினால் காந்தப்புலமும் ஆடும். உடனே செம்புக் கம்பியில் மின்னோட்டம் பிறக்கும். மைக்கேல் ஃபாரடே 1831-இல் கண்டுபிடித்த மின்காந்தத் தூண்டல் இதுதான். தடித்த தந்தி நொடிக்கு ஏறத்தாழ 82 முறை அதிர்ந்தால், மின்னோட்டமும் அதே வேகத்தில் ஏறி இறங்கும். ஆம்ப்ளிஃபயர் அதைப் பெரிதாக்கி ஸ்பீக்கருக்கு அனுப்பும்.

அப்படியானால் ஒரு பலகையில் தந்தியைக் கட்டினாலே போதாதா? போதும். நியூயார்க்கில் லெஸ் பால் என்ற இசைக் கலைஞர் 1940 வாக்கில் அதைத்தான் செய்தார். நான்கு அங்குலம் அகலம், நான்கு அங்குலம் உயரம் உள்ள ஒரு பைன் கட்டையில் தந்தியும் பிக்கப்பும் பொருத்தினார். பார்க்கக் கிட்டார் மாதிரி இல்லையே என்று, ஒரு பழைய கிட்டாரின் உடலை அறுத்து, இரு பக்கமும் இறக்கைகள் போல ஒட்டிக்கொண்டார். அதற்கு ‘லாக்’, அதாவது மரக்கட்டை என்றே பெயர்!

அவர் ஏன் இத்தனை பாடுபட்டார்? அப்போதைய எலெக்ட்ரிக் கிட்டார்கள் பெரும்பாலும் காலி வயிற்றுக் கிட்டார்கள். சத்தத்தைக் கூட்டினால் அவை ஊளையிட்டன. ஸ்பீக்கரிலிருந்து வரும் ஒலி கிட்டாரின் மெல்லிய மேற்பலகையை அதிர வைக்கும். பலகை தந்தியை ஆட்டும். பிக்கப் அதைப் பிடித்து ஆம்ப்ளிஃபயருக்குக் கொடுக்கும். இன்னும் பெரிதாகி ஸ்பீக்கரில் வரும், மறுபடியும் பலகையை ஆட்டும். இப்படிச் சுற்றிச் சுற்றி வளர்வதைப் ‘ஃபீட்பேக்’ என்பார்கள். பள்ளி விழாவில் மைக் ‘கூ...’ என்று அலறுவதும் இந்தச் சுழற்சியால்தான்.

1950-களில் முழுக் கட்டையாலான கிட்டார்கள் கடைக்கு வந்தன. ஊளை பெருமளவு அடங்கியது. ஆனால் காலி வயிற்றின் இதமான ஒலியைப் பலர் விரும்பினார்கள். அதை விட்டுவிட மனம் வருமா?

எனக்கு மிகவும் பிடித்த கட்டம் இதுதான். 1958-இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், கலமசூ என்ற ஊரிலிருந்த கிப்சன் தொழிற்சாலை இ.எஸ். 335 என்ற கிட்டாரை வெளியிட்டது. அப்போது நிறுவனத்தின் தலைவர் டெட் மெக்கார்ட்டி. கிட்டாரை ரொட்டி போலக் குறுக்கே வெட்டிப் பார்த்தால், நட்ட நடுவில் ஒரு மேப்பிள் கட்டை தெரியும். பிக்கப்பும் தந்தியைத் தாங்கும் பிரிட்ஜும் அதன் மேல்தான் உட்கார்ந்திருக்கும். கட்டைக்கு இருபுறமும் காலியிடம். மேலே பக்கத்துக்கு ஒன்றாக, வயலினில் இருப்பது போன்ற வளைந்த துளைகள். பாதி கட்டை, பாதி காலி. இதைத்தான் ‘செமி ஹாலோ’ கிட்டார் என்கிறோம்.

ஒலிக்கு என்ன ஆகும்? விரல் சுண்டும்போது கொடுத்த ஆற்றல்தான் தந்தியிடம் உள்ள மொத்தச் சொத்து. காலி உடல் அதை வேகமாக வாங்கிக் காற்றில் செலவழித்துவிடும். அதனால் சுரம் சட்டென எழுந்து சீக்கிரம் அடங்கும். கனமான கட்டை அசைந்து கொடுக்காது; அதனால் தந்தி நெடுநேரம் ஆடும். செமி ஹாலோ இரண்டுக்கும் இடைப்பட்டது. பிக்கப் கவனிப்பது தந்தியை மட்டுமே. மரம் தந்தியின் ஆட்டத்தைக் கொஞ்சம் மாற்றுவதால் அதன் பங்கும் ஒலியில் சேர்கிறது. ஆனாலும் எல்லாப் புகழையும் மரத்துக்கே கொடுத்துவிடாதீர்கள். பிக்கப், ஆம்ப்ளிஃபயர், வாசிப்பவரின் விரல்கள் ஆகியவற்றின் பங்கு இன்னும் பெரியது.

இனி, இத்தகைய கிட்டாரை விரும்பி வாசித்த இண்டி இசைக்கு வருவோம். பெரிய நிறுவனங்களைச் சாராமல், சிறிய வெளியீட்டாளர்கள் மூலம் தங்கள் பாடல்களைத் தாங்களே உருவாக்கிக் கொண்டுவந்த குழுக்களின் இசை இது. 1980-களில் இங்கிலாந்தின் மான்செஸ்டரில் ‘தி ஸ்மித்ஸ்’, அமெரிக்காவின் ஜார்ஜியாவில் ‘ஆர்.ஈ.எம்.’ என்ற குழுக்கள் இருந்தன. முதல் குழுவில் ஜானி மார், இரண்டாவதில் பீட்டர் பக் எனக் குழுவுக்குப் பெரும்பாலும் ஒரே ஒரு கிட்டார் கலைஞர். மேடை முழுவதையும் அவர் ஒருவரே நிரப்ப வேண்டும். எல்லாத் தந்திகளையும் ஒரேயடியாக அடிக்காமல், சுரம் சுரமாகப் பிரித்து மீட்டினார்கள். அப்படி மீட்டும்போது ஒவ்வொரு தந்தியும் தெளிவாகக் கேட்க வேண்டும், பாடகரின் குரலையும் மூடிவிடக் கூடாது. இருவரும் ரிக்கன்பேக்கர் என்ற செமி ஹாலோ கிட்டாரை வாசித்தார்கள். அதைச் செய்யும் விதமே வேறு: கெட்டியான மேப்பிள் பலகையைப் பின்புறமிருந்து குடைந்து, பிறகு மூடி ஒட்டுவார்கள். ஜானி மார் கிப்சன் செமி ஹாலோவும் வாசித்தார். 2001-இல் முதல் ஆல்பத்தை வெளியிட்ட ‘தி ஸ்ட்ரோக்ஸ்’ குழுவின் நிக் வலென்சிக்கு எபிஃபோன் ரிவியரா. அதுவும் செமி ஹாலோதான்.

இன்னொரு வசதியும் உண்டு. ஆம்ப்ளிஃபயர் இல்லாமல் அறையில் உட்கார்ந்து மீட்டினாலும் செமி ஹாலோவின் ஒலி ஓரளவு காதில் விழும். பாட்டுக் கட்டுபவருக்கு இது பெரிய உதவி. அதிர்வு நெஞ்சிலும் தெரியும்.

நடுக்கட்டை இருந்தும் ஃபீட்பேக் முழுதாக ஒழிந்துவிடவில்லை. பிரபல புளூஸ் கலைஞர் பி. பி. கிங் அதைத் தடுக்கக் கிட்டாரின் துளைகளில் துணியை அடைத்தார். 1980-இல் அவர் பெயரில் வந்த ‘லூசில்’ கிட்டாருக்குத் துளைகளே கிடையாது. இண்டி கலைஞர்கள் பலருக்கோ அந்த ஊளையும் ஓர் இசைதான். சுரத்தை மீட்டிவிட்டு ஆம்ப்ளிஃபயரை நோக்கி நடப்பார்கள். ஏதோ ஓர் இடத்தில், ஸ்பீக்கரின் ஒலி தந்தியின் ஆட்டத்துக்குச் சரியான நேரத்தில் வந்து அதைத் தள்ளும். ஊஞ்சலைச் சரியான கணத்தில் தள்ளுவது போன்ற இந்த நிகழ்வுக்கு ஒத்ததிர்வு என்று பெயர். சுரம் அடங்காமல் பாடிக்கொண்டே இருக்கும். ஓரடி நகர்ந்தால் வேறு சுரம் எழலாம். போதும் என்றால் உள்ளங்கையைத் தந்திகளின் மேல் வைத்து அடக்கிவிடுவார்கள்.